திருகோணமலைக் கடற்படைத்தளமும் துறைமுக மக்களின் வாழ்வும்

ஒரு துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனைக் கைப்பற்றியோர், இழந்தோர் என்னும் இரு திறத்தாரின் வரலாற்றை எழுதுவதோடு அமைந்துவிடுவர். திருகோணமலைக்கும் இந்நிலையே வாய்த்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் இத்துறையின்பொருட்டுப் பொருத போர்கள் பல நூல்களில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. தளபதிகளின் பெயர்களும் மரக்கலங்களின் பெயர்களும் நாள் தவறாமற் குறிக்கப்பட்டுள்ளன. ஆயின், அக்கலங்களுக்கு நன்னீர் சுமந்தவர் யாவர், முறிந்த பாய்மரங்களைச் செப்பனிட்டவர் யாவர், படை வந்தபோது பெருகியும் நீங்கியபோது சுருங்கியும் நின்ற கடைவீதியில் வாழ்ந்தவர் யாவர் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை காண்டல் அரிது. கோட்டை, பீரங்கி, கப்பற்பட்டறை என்பவற்றைப் போலவே அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கட்கூட்டமும் படைத்தளத்தின் ஓர் உறுப்பாகும். அவ்வுறுப்பினை மனத்திற்கொண்டு திருகோணமலையின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்கை அளித்த இடம்

திருகோணமலை ஏன் படைத்தளமாயிற்று என்பதற்கு விடையைக் காற்றிலும் கடலிலுமே தேடவேண்டும். வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையாகிய சோழமண்டலக் கரை நெடுகிலும் பெருங் கலங்கள் ஒதுங்கி நிற்கத்தக்க இயற்கைத் துறை இல்லை. சென்னையிற் கலங்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசி தொடங்கி வீசும் வடகீழ்ப் பருவக் காற்றும் அதனோடு கூடிவரும் புயலும் அக்கலங்களுக்குப் பெருங்கேடு விளைத்தன. 1746 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் சென்னையைக் கைப்பற்றி நின்ற பிரெஞ்சுக் கடற்படை, பகைவரால் அன்றிப் புயலாலேயே சிதறுண்டது. ஆங்கிலக் கப்பல்கள் மாரிகாலத்திற் பழுதுபார்க்கும்பொருட்டு இந்தியாவைச் சுற்றிப் பம்பாய் வரை செல்லவேண்டியிருந்தது.

திருகோணமலையோ மலைகளாலும் தீவுகளாலும் காக்கப்பட்ட உட்டுறையை உடையது. எக்காற்று வீசினும் அதனுள் நீர் அமைதியாக இருக்கும். கொட்டியாரக் குடாவிற் கலந்து மகாவலி கங்கையின் நன்னீர் வருகின்றது. சுற்றிலும் மரம் செறிந்த காடு உண்டு. 1659 ஆம் ஆண்டின் இறுதியிற் புயலால் மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று அதனைச் செப்பனிடக் கொட்டியாரத்தை நாடி வந்ததும், அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் கண்டி மன்னனாற் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு இத்தீவில் வாழ்ந்து பின்னர் நூல் எழுதியதும் வரலாற்று மாணவர் அறிந்தவையே. அந்நிகழ்ச்சி இத்துறையின் இயல்பை நன்கு காட்டுகின்றது. துன்புற்ற கலங்கள் ஒதுங்கும் இடம், அவ்வொதுக்கிடத்தைத் தன்னதாக்க விழைவோரின் கண்ணையும் கவர்ந்தது.

கோயிற் கல்லால் எழுந்த கோட்டை

ஐரோப்பியர் வருமுன்னர் இவ்விடத்தின் பெருமை கோணேசர் கோயிலாலேயே அமைந்தது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் இது. 1620களிற் கொன்ஸ்தந்தீனோ த சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை எடுப்பித்தான். கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் தமிழ்ச் சாசனத் துண்டும் இரட்டைக் கயற்சின்னமும் இதற்குச் சான்றாகும். வழிபாட்டிடமாக இருந்த குன்று படையிடமாக மாறியமை, இந்நகர மக்களின் வாழ்விற் படைத்தளம் ஏற்படுத்திய முதற் பெருமாற்றம் எனலாம்.

1639 இல் ஒல்லாந்தர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1672 இல் டி லா ஹே என்பவனின் தலைமையிற் பிரெஞ்சுக்காரர் வந்து, சில திங்களில் ஒல்லாந்தரால் அகற்றப்பட்டனர். 1782 ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இத்துறையின் நிலையற்ற அரசியலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் இதனைப் பிடித்தார். ஓகஸ்டு இறுதியிற் பிரெஞ்சுத் தலைவர் சஃப்ரன் இதனை அவரிடமிருந்து பறித்தார். செப்ரெம்பர் 3 ஆந் திகதி இரு படைகளும் துறைக்கு வெளியே பொருதன. சமாதான உடன்படிக்கையின்படி துறை மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. மிகக் குறுகிய காலத்துள் மூன்று கொடிகள் ஏறி இறங்கின. அக்கொடிகளை மாற்றிய உடன்படிக்கை ஐரோப்பாவில் எழுதப்பட்டது. அதன் விளைவோ கொட்டியாரத்து உழவரையும் கரையோர மீனவரையும் வந்தடைந்தது.

1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1802 ஆம் ஆண்டின் ஆமியன்ஸ் உடன்படிக்கை ஒல்லாந்தரின் இலங்கைப் பகுதிகளை அவர்களுக்கு உறுதி செய்தது. யோர்க் கோமகனின் பெயரால் அக்கோட்டை பிரெட்றிக் கோட்டை என வழங்கலாயிற்று. உட்டுறையின் வாயிலைக் காத்த ஒஸ்ரன்பேக் கோட்டைக்கு அண்மையிற் கப்பற்பட்டறை வளர்ந்தது. 1817 இற் பம்பாயிற் கட்டி நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்குத் 'திருகோணமலை' எனவே பெயர் சூட்டினர். அக்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிற் காட்சிப்பொருளாகப் பேணப்பட்டு வருகின்றது.

பல இனத்தார் கூடிய நகரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிழக்கிந்தியக் கடற்படை நிலையத்திற்குத் திருகோணமலை முதன்மையான தளமாயிற்று. படையும் பட்டறையும் வந்த இடத்திற் பல திசை மக்களும் வந்து சேர்ந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் பண்டுதொட்டே இங்கு வாழ்ந்தவர்கள். இலங்கைத் துப்பாக்கிப் படையிற் சேர்ந்த மலாயரும் ஆபிரிக்க வழியினரும் அவர்களோடு கலந்தனர். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர், கைத்தொழிலிலும் அலுவலகங்களிலும் இடம்பெற்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து லிகிதரும் ஆசிரியரும் வணிகரும் வந்தனர். தென்னிலங்கைச் சிங்கள மீனவர் பருவந்தோறும் வந்து வாடியமைத்தனர். சிலர் நிலைத்துக் குடியேறினர். கேரளத்திலிருந்து மலையாளத் தொழிலாளரும் பிற்காலத்திற் சேர்ந்தனர். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை என்னும் நான்கும் ஒரு சிறு நகரினுள் அமைந்தமைக்குத் துறைமுகமே பெருங் காரணமாகும்.

ஆயினும் இவ்வாழ்வு இன்பம் நிறைந்ததென எண்ணுதல் தவறு. காடும் சதுப்பும் சூழ்ந்த இவ்விடத்திற் காய்ச்சலும் வாந்திபேதியும் அடிக்கடி பரவின. இலங்கையின் படை நிலையங்களுள் திருகோணமலை நோய் மிகுந்ததெனப் படை மருத்துவர்கள் கருதினர். நகரின் பழைய ஆங்கிலச் சேமக்காலையில் உறங்குவோருட் சாள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தலைவர் ஒருவர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் உடன்பிறந்தாராகிய இவர், 1852 இற் பர்மியப் போரின்போது நோயால் இறந்து இங்கு அடக்கம் செய்யப்பட்டார். தலைவர்களின் கல்லறைகளிற் பெயருண்டு. அதே காய்ச்சலால் மாண்ட சுமைதூக்குவோருக்கும் படகோட்டிகளுக்கும் கல்லறையுமில்லை, பெயருமில்லை.

பட்டறை மூடிய முதல் அனுபவம்

1905 ஆம் ஆண்டு இந்நகருக்குப் பேரிடி விழுந்தது. ஜேர்மனியின் கடல் வலிமை பெருகுவதைக் கண்ட பிரித்தானியக் கடற்படைத் தலைவர் ஃபிஷர், தம் கலங்களை இங்கிலாந்தை அண்டிய கடல்களில் ஒன்றுதிரட்ட முற்பட்டார். செலவைக் குறைக்கும்பொருட்டுத் தொலைவிலுள்ள பட்டறைகள் சில மூடப்பட்டன. அவற்றுள் திருகோணமலையும் ஒன்று. வட கடலிற் படையைக் குவிக்க இலண்டனில் எடுத்த முடிவு, கீழ்க் கடலோரத்துத் தச்சனதும் கொல்லனதும் அடுப்பை அணைத்தது. படையினரின் செலவையே நம்பியிருந்த கடைகள் நலிந்தன. தொழில் தேடி மக்கள் வேறிடம் சென்றனர். படைத்தளத்தை மட்டும் நம்பி வாழும் நகரின் நிலையாமை அன்றே புலப்பட்டது.

எண்ணெய்யும் இருப்புப் பாதையும்

முதலாம் உலகப் போரின் பின்னர்க் காலம் மீண்டும் மாறியது. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்யால் இயங்கத் தொடங்கியமையால், கீழைக் கடல்களில் எண்ணெய்ச் சேமிப்பிடம் இன்றியமையாததாயிற்று. சீனன்குடாவை அடுத்த காட்டினுள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளத்தக்க உருக்குத் தாங்கிகள் நூறளவில் வரிசை வரிசையாக எழுந்தன. 1927 இல் இருப்புப் பாதை திருகோணமலையை வந்தடைந்தது. காடு வெட்டவும், நிலம் அகழவும், குழாய் பதிக்கவும், உருக்குத் தகடு பொருத்தவும் தொழிலாளர் பல்லாயிரவர் வேண்டப்பட்டனர். நகரம் மறுபடியும் தளிர்த்தது.

இக்காலத்துப் பட்டறை வாழ்வு நகரின் நாளொழுங்கையே வகுத்தது எனலாம். தளத்தின் வேலைநேரத்திற்கேற்பத் தெருவில் ஆள் நடமாட்டம் கூடிக் குறைந்தது. தளத்தின் சம்பள நாளே கடைக்காரரின் கடன் ஏட்டிற்கும் நாளாயிற்று. தச்சர், கொல்லர், வர்ணம் பூசுவோர், இயந்திரத் தொழிலாளர் எனத் தொழில்வகை பலவாயின. தந்தையிடம் மகன் கற்ற கைவினை, அளவுகோலும் வரைபடமும் கொண்டு செய்யும் நுட்பத் தொழிலாக மாறியது. ஆங்கிலம் அறிந்தோர்க்கு அலுவலகத்தில் இடமிருந்தமையால், பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி அளிக்கும் வேட்கை பெற்றோரிடையே வளர்ந்தது. இந்நகரில் மிசனரிப் பாடசாலைகளோடு இந்துப் பாடசாலையும் வளர்ச்சி பெற்றமைக்கு இவ்வேட்கையும் ஒரு காரணமாகும். படைத்தளம் அளித்த நன்மைகளுள் இத்தொழில் நுட்பமும் கல்வி விருப்பமுமே நிலைத்து நின்றவை.

போர் வந்த நாள்கள்

1942 பெப்ரவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனையே பெரிதும் நம்பியிருந்த பிரித்தானியருக்குத் திருகோணமலை அரணாயிற்று. ஏப்பிரில் 5 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்பிரில் 9 ஆந் திகதி காலை அவை திருகோணமலைத் துறையையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று பல நாள் எரிந்தது. துறையில் நின்ற சகாய்ங் என்னும் கப்பல் தீப்பற்றியது. முன்னாள் இரவே துறையை நீங்கித் தெற்கு நோக்கிச் சென்ற ஹேர்மெஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 300 பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

குண்டு விழுந்ததும் நகர மக்கள் பலர் உடைமைகளை விட்டு உட்புறக் கிராமங்களை நாடினர். பிரித்தானியக் கீழைக் கடற்படையும் ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பின்வாங்கியது. காத்தற்கெனக் கட்டிய தளம், பகைவரின் இலக்காகத் தன்னைச் சூழ்ந்த மக்களையும் ஆக்கும் என்னும் உண்மையைத் திருகோணமலை அன்று கண்டறிந்தது.

1944 தொடக்கத்திற் கடற்படை மீண்டும் வந்தபோது தளத்தின் தோற்றம் முன்னொருபோதும் இல்லாதவாறு பெருகியது. அவ்வாண்டு ஏப்பிரிலிற் சுமாத்திராவின் சபாங் துறையைத் தாக்க, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலும் உடன்வரப் பெரும்படை இங்கிருந்து புறப்பட்டது. ஓகஸ்டில் வலியன்ற் என்னும் பெரும் போர்க்கப்பலைத் தாங்கி நின்ற மிதக்கும் கப்பற்றுறை, அப்பாரத்தைப் பொறுக்கலாற்றாது முறிந்து மூழ்கியது. நவம்பரிற் பிரித்தானியப் பசிபிக் கடற்படை இத்துறையிலேயே உருப்பெற்றது. கடைகளிற் பணம் புரண்டது. அரிசியும் துணியும் அரிதாயின. பன்னாட்டு மாலுமிகள் நிறைந்த தெருக்களிற் பழைய ஊர்வாழ்வின் அமைதி மறைந்தது. போர் முடிந்ததும் அவ்வாரவாரம் விரைவில் அடங்கிற்று.

1957 உம் அதன் பின்னரும்

1947 ஆம் ஆண்டின் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, சுதந்திரத்தின் பின்னரும் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் நிலைத்தது. 1956 இற் பதவியேற்ற எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அணிசேராக் கொள்கையை மேற்கொண்டு, தளங்களை மீளக் கோரியது. 1957 ஒக்டோபர் 15 ஆந் திகதி திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்னியக் கொடி இறங்கியமை நாட்டிற்குப் பெருமை தந்த நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை.

ஆயின், அக்கொடியோடு தொழிலும் இறங்கியது. பெருங் கடற்படைக்கென அமைந்த பட்டறைக்கு, 1950 இறுதியில் அமைக்கப்பட்ட சிறிய இலங்கைக் கடற்படை அத்தனை வேலை அளிக்க இயலவில்லை. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். 1956 இல் நிறைவேறிய அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தையே ஆட்சிமொழியாக்கியிருந்தமையால், ஆங்கிலமும் தமிழும் கற்ற லிகிதர்க்கு வேறு அரசாங்க அலுவலகங்களிலும் வழி குறுகியது. பட்டறையில் நெடுங்காலம் பழகிய கைத்திறன், பயன்கொள்வாரின்றி நின்றது.

வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் அமர்த்த அரசாங்கம் எண்ணியது. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைச் சிங்களத் தொழிலாளர் முந்திச் சென்று கைக்கொண்டனர். 1958 மே மாத வன்செயல்களுக்கு முன்னர் நாட்டில் முறுகிய பகைமைக்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுவதுண்டு. இம்மக்கள் கப்பல் செப்பனிடத் தெரிந்தவர். நிலத்திற்காக யாரோடும் போரிட வந்தவரல்லர். ஒரு தளத்தை மூடுவோர் அதில் உழைத்தோரின் எதிர்காலத்தை உடன் எண்ணாவிடின், அதன் விளைவு தளத்தின் மதிலோடு நில்லாது என்பதை 1957 உம் 1958 உம் உணர்த்துகின்றன.

மதிலினுள் நின்ற வழிபாடு

இத்தளத்தின் வரலாற்றில் மாறாது நின்றது ஒன்றுண்டு. கோயில் இடிபட்ட பின்னரும் சுவாமிமலையில் வழிபாடு அற்றுப்போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் ஆட்சிச் செயலராக விளங்கிய எமேசன் ரெனன்ற், கோட்டைக்குட்பட்ட அப்பாறையின் உச்சியில் அந்தணர் நின்று கடலை நோக்கிப் பூசனை ஆற்றியதைத் தம் நூலிற் பதிந்துள்ளார். கோயிலின்றிப் பாறையே கோயிலாக, படைக்காவலின் நடுவே அடியார் திரண்டனர். 1950 இல் அண்மையிற் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. மக்கள் பொருள் திரட்டிக் கோயிலை மீண்டும் எடுப்பித்தனர். 1963 இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்றும் கோணேசரைத் தரிசிக்கச் செல்வோர் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்கின்றனர். படையும் பத்தியும் ஒரே வாயிலைப் பகிர்வதை இந்நகரிற் காணலாம்.

அண்மைக் காலம்

பின்வந்த பத்தாண்டுகளிலும் துறையின் பயன்பற்றிய முடிவுகள் நகருக்கு வெளியேதான் எடுக்கப்பட்டன. 1987 ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்பாட்டோடு கைமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்கு ஊறாகத் திருகோணமலையைப் பிறநாட்டுப் படைகள் பயன்படுத்தலாகாது என்பதும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் கூடிச் சீர்செய்யும் என்பதும் இடம்பெற்றன. எஞ்சிய 99 தாங்கிகளுள் 14 ஐ இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 ஐ இரண்டின் கூட்டு முயற்சிக்கும் உரியவாக்கும் ஒப்பந்தம் 2022 சனவரியிற் கைச்சாத்தாயிற்று. 1942 இல் தீப்பற்றிய சகாய்ங் கப்பல் 2018 இல் இலங்கைக் கடற்படையினரால் மேலெழுப்பப்பட்டது.

போர்க் காலத்தில் துறையின் மறுகரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அகதி முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்த அவர்கள் 2015 தொடக்கமே படிப்படியாகத் தம் நிலத்திற்கு மீண்டனர். நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கோயில் இழந்த குன்றும், அண்மையில் வயல் இழந்த சம்பூரும் துறையின் இரு கரைகளில் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன.

முடிவுரை

திருகோணமலையின் ஆழமான நீர் அதன் செல்வமாகவும் அதன் துன்பமாகவும் இருந்துவந்துள்ளது. லிஸ்பன், பத்தாவியா, இலண்டன், கொழும்பு, புதுடில்லி என்னும் நகரங்களில் இருந்தோர் இத்துறையின் விலையை மதிப்பிட்டனர். அம்மதிப்பீட்டிற் கடலின் ஆழமும் எண்ணெய்யின் அளவும் கணக்கிடப்பட்டன. மக்களின் பிழைப்பு எக்கணக்கிலும் சேர்க்கப்படவில்லை. படை வந்தபோதும் அவர்களின் இசைவு கேட்கப்படவில்லை, நீங்கியபோதும் கேட்கப்படவில்லை. எனினும் அவர்கள் தொழில் கற்றனர், பள்ளி அமைத்தனர், இடிந்த கோயிலை மீண்டும் எடுத்தனர்.

கடற்படைத் தலைவர்களின் நாட்குறிப்புகள் பிறநாட்டு நூல்நிலையங்களிற் பேணப்படுகின்றன. பட்டறைத் தொழிலாளரின் நினைவுகளோ அவர்தம் பேரப்பிள்ளைகளின் வாய்மொழியிலேயே தங்கியுள்ளன. வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய நுழைவுச் சீட்டுகளும் சம்பளச் சீட்டுகளும் நிழற்படங்களும் கறையான் வாய்ப்படுமுன் அவற்றைத் திரட்டி எழுதிவைத்தல் வரலாறு பயிலும் மாணவர்தம் கடனாகும். அது நிறைவேறும் நாளிலேயே திருகோணமலையின் வரலாறு திருகோணமலை மக்களுக்கும் உரியதாகும்.